இர்ஃபான் கானும் நாம் ஒட்டும் லேபிள்களும் – ஒரு நீண்ட இழை

1) நடிகர் இர்ஃபான் கானைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ரெண்டு இடத்தில் ஆரம்பிப்பார்கள். ஒன்று, அவருடைய கண்கள். இன்னொன்று, அவருக்கு வந்த புற்றுநோய். நான் மூணாவதா ஒரு இடத்துல ஆரம்பிக்கிறேன். லேபிள்.

இழை கொஞ்சம் நீளம். அவசரம் இல்லாதப்போ பொறுமையா படிங்க.

2) ஆஸ்பத்திரியில் லேபிள் இல்லாமல் வேலை ஓடாது. "14ஆம் பெட் ஷுகர்", "ஓரத்து பெட் சிரோசிஸ்", "நேத்து நைட் வந்த பாய்சன் கேஸ்". ரவுண்ட்ஸில் நாங்கள் இப்படித்தான் பேசிக்கொள்வோம். ஒரே நாளில் அத்தனை பேரைப் பார்க்கிற இடத்தில் அது ஒரு வசதி. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

ஆனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் அந்த லேபிள் ஆளோடயே வீட்டுக்குப் போகிறது. வீட்டில், தெருவில், கல்யாண வீட்டில் எல்லா இடத்திலும் அதுவே அவர் பெயராகிவிடுகிறது. அங்கதான் பிரச்சனை.

3) இர்ஃபானின் 30 வருஷத்துக்கும் மேலான தொழில் வாழ்க்கையை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: மற்றவர்கள் ஒட்டிய லேபிளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்ட ஒரு நடிகனின் கதை. சீரியல் நடிகர், வில்லன், ஆர்ட் பட ஆள், ஹாலிவுட்டுக்குப் போனவர். கடைசியாக, "கேன்சர் பேஷண்ட்".

அந்தக் கடைசி லேபிளை அவர் கையாண்ட விதத்தில் நம்ம வீடுகளுக்கு ஒரு பாடம் இருக்கு. அதுக்குப் போறதுக்கு முன்னாடி அவர் வேலையைப் பார்ப்போம். வேலையைப் பார்க்காமல் நோயை மட்டும் பேசினால் நானும் லேபிள் ஒட்டுகிற ஆள்தான்.

4) 1967 ஜனவரி 7 அன்று ராஜஸ்தானில் பிறந்தவர். அப்பாவுக்கு டயர் வியாபாரம். சின்ன வயசில் பையனுக்கு கிரிக்கெட் பைத்தியம். சி.கே. நாயுடு கோப்பை அளவுக்குத் தேர்வாகியும், போய் ஆட கையில் காசு இல்லாமல் விட்டுவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1984இல் டெல்லி நேஷனல் ஸ்கூல் ஆஃப் டிராமாவில் சேர்ந்தார். ஸ்காலர்ஷிப்பில் படிப்பு. இந்த கிரிக்கெட் விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

5) அங்கே படித்துக்கொண்டிருந்தபோதே பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது. மீரா நாயர் எடுத்த 'சலாம் பாம்பே'. மும்பைத் தெருக் குழந்தைகளின் கதை. முதலில் பெரிய பாத்திரத்துக்குத்தான் எடுத்தார்கள். ஆனால் நிஜத் தெருக் குழந்தைகள் பக்கத்தில் நிற்கும்போது இவர் ரொம்ப உயரமாக, ஊட்டமாகத் தெரிந்தார். பாத்திரம் போச்சு.

1988இல் படம் வந்தபோது அவர் பங்கு ஒரு சின்னக் காட்சி. எழுதத் தெரியாதவர்களுக்குத் தெருவோரம் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுக்கிறவர். படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இவரை யாரும் கவனிக்கவில்லை.

6) அடுத்து டிவி. கிட்டத்தட்ட பத்து வருஷம். ஷ்யாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்', 90களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வந்த 'சாணக்யா', அப்புறம் 'சந்திரகாந்தா', 'பனேகி அப்னி பாத்'. ஒரு டெலிபிளேயில் லெனின். 'கஹ்கஷான்' தொடரில் உருதுக் கவிஞர் மக்தூம் மொஹியுத்தீன். ஸ்டார் பிளஸ் தொடர் ஒன்றில் கொலைகாரன்.

லிஸ்டை இன்னொரு தடவை பாருங்க. சேனாதிபதி, மாயாஜாலக் கதை ஆள், ரஷ்யப் புரட்சித் தலைவர், கவிஞர், சைக்கோ. எல்லாம் ஒரே மனுஷன்.

7) ஆனாலும் சினிமாக்காரர்கள் கொடுத்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: "சீரியல் நடிகர்". அந்தக் காலத்தில் இந்தி சினிமாவில் அது ஏறக்குறைய ஒரு தள்ளுபடி முத்திரை. டிவியில் தினமும் பார்க்கிற முகத்தை டிக்கெட் எடுத்து யார் பார்ப்பா என்கிற கணக்கு.

இங்கே பலரும் ஒரு தப்பான கதை சொல்வார்கள். "பத்து வருஷம் கஷ்டப்பட்டார், அப்புறம் ஜெயிச்சார்"னு. அந்த வருஷங்கள் சும்மா காத்திருந்த காலம் இல்லீங்க. அவசரமான ஷூட்டிங், குறைந்த டேக், நாடகத்தனமான வசனம். இதற்குள் ஒரு மனுஷனை நம்ப வைக்கணும். அதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. பின்னாடி படங்களில் நாம் வியந்த அந்த அடக்கம், இரைச்சலுக்கு நடுவில் கற்றுக்கொண்டது.

8) ஒரு கட்டத்தில் நடிப்பையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்குச் சலிப்பு. அப்போதுதான் ஆசிஃப் கபாடியா என்ற இளம் பிரிட்டிஷ் இயக்குநர் வந்தார். படம் 'தி வாரியர்', 2001. ராஜஸ்தான் பாலைவனத்திலும் இமயமலைப் பக்கத்திலும் எடுத்தது. ஜமீன்தார் சொன்னால் தலையை வெட்டும் வீரன் ஒருவன் வாளைக் கீழே போடுகிறான். அவ்வளவுதான் கதை.

வசனம் ரொம்பக் குறைவு. முகத்தை வைத்தே படத்தைத் தூக்க வேண்டும். தூக்கினார். சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

9) 2003இல் 'ஹாசில்'. அலகாபாத் மாணவர் அரசியல், இவர் வில்லன். ஃபிலிம்ஃபேர் விருது. அதே சமயத்தில் விஷால் பரத்வாஜின் 'மக்பூல்', ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை மும்பை நிழல் உலகத்துக்குக் கொண்டுவந்த படம். கொலை செய்துவிட்டு அந்தக் குற்றத்தைச் சுமக்க முடியாமல் நொறுங்குகிற ஆள்.

படம் வந்ததும் அடுத்த லேபிள் ரெடி: "வில்லன்". அதே மாதிரி பாத்திரங்கள் கதவைத் தட்டின. அந்த வழியில் போயிருந்தால் இருபது வருஷம் வசதியா ஓடியிருக்கும். அவர் போகவில்லை.

10) சலாம் பாம்பே முடிந்து 18 வருஷம் கழித்து, 2006இல், அதே மீரா நாயர் திரும்ப வந்தார். படம் 'தி நேம்சேக்'. ஜும்பா லாஹிரியின் நாவல். அன்று ஒரு காட்சியில் வந்து போனவர் இப்போது அசோக் கங்குலி, கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடும்பம் நடத்தும் பேராசிரியர். கூட நடித்தது தபு.

அதிர்ந்து பேசாத அப்பா. பையன் மேல் உள்ள பாசத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. கடற்கரையில் சின்னப் பையனோடு பாறைகள் மேல் நடந்து முனை வரைக்கும் போவார்கள். கேமரா எடுத்து வர மறந்திருப்பார்கள். ஞாபகத்திலேயே வச்சுக்கோன்னு பையனிடம் சொல்வார். வெளியூர் வேலைக்குப் போன அப்பா இருக்கிற எந்த வீட்டிலும் இந்த ஆளைப் பார்க்கலாம். வில்லன் லேபிள் அங்கேயே உரிந்தது.

11) அதற்கு அடுத்த வருஷம் 'லைஃப் இன் எ மெட்ரோ'வில் கல்யாணத்துக்குப் பெண் தேடி அசடு வழிகிற காமெடி ஆள். அதற்கு அடுத்த வருஷம், 8 ஆஸ்கர் வாங்கிய 'ஸ்லம்டாக் மில்லியனர்'ல போலீஸ் இன்ஸ்பெக்டர். அப்பா, காமெடி, போலீஸ், வரிசையா மூணு வருஷத்துல.

ஆனா டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்சது இது எதுவுமே இல்லை. ஒரு அமெரிக்க டிவி தொடர். நம்ம ஊரில் அதிகம் பேர் பார்க்காதது.

12) எச்பிஓவின் 'இன் ட்ரீட்மென்ட்', மூன்றாவது சீசன், 2010. ஒரு மனநல சிகிச்சையாளர், எதிரே ஒரு நோயாளி. ரெண்டு நாற்காலி. பேச்சு மட்டும்தான். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. காபிரியேல் பைர்ன் சிகிச்சையாளர். இர்ஃபான் சுனில் என்ற வங்காளி. கல்கத்தாவில் கணக்கு வாத்தியார், மனைவி இறந்ததும் புரூக்ளினில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

மகனும் மருமகளும் அவரை "டிப்ரெஷன் பேஷண்ட்" என்று கூட்டி வந்து உட்கார வைக்கிறார்கள். பாருங்க, லேபிள்!

13) அந்தப் பாத்திரத்தில் அவர் செய்ததை மருத்துவ மாணவர்களுக்குப் போட்டுக் காட்டலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றி வருவது. சிகரெட்டுக்கு அனுமதி கேட்பதில் இருக்கும் கூச்சம். டீ பற்றிப் பேசிக்கொண்டே மனைவியின் மரணத்துக்கு வந்து சேர்வது. ஓபியில் எதிரே உட்காருகிற பெரியவர்கள் அப்படியே இப்படித்தான் பேசுவார்கள். "தலைவலி சார்"னு ஆரம்பிச்சு, எழுந்து போகும்போது கதவுகிட்ட நின்னு உண்மையான விஷயத்தைச் சொல்வாங்க.

கதை முடியும்போது, அந்த லேபிளுக்கு உள்ளே வேறொரு ஆள் இருந்தது தெரியும். எப்படின்னு சொல்ல மாட்டேன், பாருங்க. சினிமாவில் பேர் வாங்கிய பிறகும் அவர் டிவியை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிங்க. 2016இல் 'டோக்கியோ ட்ரையல்' குறுந்தொடரில் நீதிபதி ராதாபினோத் பாலாக நடித்தார்.

14) 'பான் சிங் தோமர்'. நிஜ மனிதரின் கதை. ராணுவத்தில் இருந்த ஸ்டீபிள்சேஸ் ஓட்ட வீரர், நிலத் தகராறில் நியாயம் கிடைக்காமல் சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக்காரர் ஆனவர். படத்தில் ஐஸ்கிரீம் உருகுவதற்குள் ஓடிப்போய்க் கொடுக்கிற வெகுளி ஜவானும் இவரே, பிற்பாடு துப்பாக்கியோடு நின்று பேசுகிற ஆளும் இவரே. நடுவில் மாறியது மேக்கப் இல்லை. நிற்கிற விதம், மூச்சு, குரலின் பாரம்.

2012இல் இந்தியாவில் வெளியானது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது. பத்மஸ்ரீ அதற்கு முந்தைய வருஷமே கொடுத்துவிட்டார்கள்.

15) 2012இல் இன்னொரு படம் 'லைஃப் ஆஃப் பை'. நம்ம பக்கத்து ஊரான புதுச்சேரியில் தொடங்கும் கதை. சில காட்சிகள் அங்கேயே எடுத்தது. எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது கடலும் புலியும். ஆனால் பெரியவனான பை, கனடாவில் ஒரு எழுத்தாளர் எதிரே உட்கார்ந்து கதை சொல்கிறாரே, அவர் இர்ஃபான்.

இத்தனை நாள் கூட இருந்த புலி திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போனதைச் சொல்லும் இடம். முறையாக விடைபெற முடியாமல் போன வலி. அந்த ஒரு இடத்தில் இவர் கண் கலங்கவில்லை என்றால், கிராஃபிக்ஸ் புலி வெறும் கிராஃபிக்ஸாகவே நின்றிருக்கும்.

16) 2013இல் 'தி லஞ்ச்பாக்ஸ்'. மும்பையில் அரசு அலுவலகக் கணக்குப் பிரிவில் ரிட்டையர் ஆகப் போகிற சாஜன் ஃபெர்னாண்டஸ். மனைவி இல்லை. டப்பாவாலா தவறுதலாகக் கொண்டுவந்து தரும் வேறு யார் வீட்டுச் சாப்பாடு. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்ப்பார். அந்த ஒரு செயலில் அவர் எத்தனை வருஷமாகத் தனியாகச் சாப்பிடுகிறார் என்று தெரிந்துவிடும்.

இப்போ 'பீகு'வைப் பக்கத்துல வைங்க, 2015. டாக்சி கம்பெனி நடத்தும் ராணா. படம் முழுக்க அமிதாப்பின் மலச்சிக்கல்தான் கதை. அதில் இந்திய டாய்லெட்டில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் ஏன் நல்லது என்று ராணா படம் வரைந்து விளக்குவார். சொல்றது மருத்துவ ரீதியா சரிதாங்க. முழங்கால் ஒத்துழைச்சா!

17) அதே 2015இல் 'ஜுராசிக் வேர்ல்ட்' படத்தில் பூங்காவின் முதலாளி. 1993இல் முதல் ஜுராசிக் பார்க் வந்தபோது டிக்கெட் எடுக்கக் காசு இல்லை என்று சொன்ன மனுஷன். இப்போ பூங்காவே அவருது.

பெயரிலும் ஒரு லேபிளை உரித்தார். பிற்காலத்தில் "கான்" என்பதை விட்டுவிட்டு இர்ஃபான் மட்டும் போதும் என்றார். பரம்பரை தன்னை அடையாளம் காட்ட வேண்டாம், வேலை காட்டட்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

18) இப்போ நோய்க்கு வருவோம். 2018 மார்ச் 5. தனக்கு ஒரு அரிய நோய் இருப்பதாகத் தெரிகிறது, விவரம் தெரிந்ததும் நானே சொல்கிறேன், அதுவரை ஊகம் வேண்டாம் என்று ட்விட்டரில் எழுதினார்.

ஊகம் வேண்டாம்னு சொன்னா நாம விடுவோமா? ஆளாளுக்கு நோய் கண்டுபிடித்தார்கள். மூளைக் கட்டி என்று செய்தியே ஓடியது. மார்ச் 16 அன்று அவரே பெயரைச் சொன்னார்: நியூரோஎண்டோக்ரைன் ட்யூமர். கூடவே, நியூரோ என்றாலே மூளை என்று அர்த்தமில்லை என்று விளக்கமும் கொடுத்தார். நோயாளியே உட்கார்ந்து நாட்டுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது.

19) அவர் சொன்னது சரி. நம் உடம்பில் பல இடங்களில் ஹார்மோன் சுரக்கும் சிறப்புச் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. குடல், கணையம், நுரையீரல் இங்கெல்லாம் அதிகம். நரம்புச் செல்லின் சில குணங்களும் ஹார்மோன் சுரப்பியின் குணங்களும் சேர்ந்து இருப்பதால்தான் அந்தப் பெயர். அவற்றில் வரும் கட்டிதான் இது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் வந்ததும் இந்த வகைதான்.

இது அரிதான நோய். தலைவலி வந்ததும், வயிறு வலிச்சதும் இதுவா இருக்குமோன்னு பயப்படாதீங்க.

20) கண்டுபிடிப்பது ஏன் தாமதமாகிறது? சில கட்டிகள் ஹார்மோனைக் கொட்டும். முகம் திடீர்னு சிவந்து சூடாகும், பேதியாகும், இளைக்கும். இதெல்லாம் சாதாரண வயிற்றுக் கோளாறு, அலர்ஜி, மெனோபாஸ் மாதிரியே இருக்கும். சில கட்டிகள் எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும்.

பயாப்சியில் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று பார்த்து கிரேடு சொல்வார்கள். மெதுவாக வளரும் வகையோடு பல வருஷம் நல்லா வாழ்பவர்கள் உண்டு. வேகமான வகையும் உண்டு. அறுவை சிகிச்சை, ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் ஊசி, கீமோ, கதிரியக்க மருந்தைக் கட்டிக்கே கொண்டுபோகும் லுடீசியம் சிகிச்சை என்று பல வழிகள் இருக்கின்றன. அதனால ஒருத்தருக்கு ஆனதை வெச்சு இன்னொருத்தருக்கு ஜோசியம் சொல்லாதீங்க.

21) லண்டனில் சிகிச்சை. 2018 ஜூனில் அங்கிருந்து ஒரு திறந்த கடிதம் எழுதினார். வேகமாகப் போகிற ரயிலில் கனவும் திட்டமுமாக உட்கார்ந்திருக்கும்போது டிடிஆர் தோளைத் தட்டி "இறங்குற இடம் வந்துடுச்சு" என்று சொன்ன மாதிரி இருந்தது என்பது அதன் சாரம்.

அந்தக் கடிதத்தில் வலியைப் பற்றி எழுதுகிறார். பயத்தைப் பற்றி எழுதுகிறார். அதோடு, ஆஸ்பத்திரிக்கு எதிரே சாலையைத் தாண்டினால் லார்ட்ஸ் மைதானம் என்பதையும் எழுதுகிறார். காசில்லாமல் கிரிக்கெட்டை விட்ட பையனுக்கு, கிரிக்கெட்டின் தலைமைப் பீடம் ஆஸ்பத்திரி பால்கனியிலிருந்து தெரிகிறது. அவ்வளவு வலியிலும் அந்தப் பையன் உள்ளே இருக்கிறான். கேஸ் ஷீட்டில் இதை எழுத இடமே கிடையாது.

22) 2019இல் இந்தியா திரும்பி வேலைக்குப் போனார். 'ஆங்கிரேஸி மீடியம்'. உதய்ப்பூரில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் அப்பா, லண்டனில் படிக்க ஆசைப்படும் மகளுக்காகப் படும் பாடு. உதய்ப்பூரிலும் லண்டனிலும் படப்பிடிப்பு. முதல் நாள் தேதி பார்த்து, வசனம் படித்து, சக நடிகர்களோடு சிரித்துச் சண்டை போட்டு நடித்த முழு நீளப் படம் அது. காமெடிப் படம் என்பதையும் மறக்காதீங்க.

2020 மார்ச் 13 அன்று வெளியானது. கொரோனாவால் தியேட்டர்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 25 அன்று ஜெய்ப்பூரில் அவர் தாயார் காலமானார். நேரில் போக முடியவில்லை. குடல் தொற்றுக்காக மும்பை ஆஸ்பத்திரியில் சேர்ந்த இர்ஃபான், ஏப்ரல் 29 அன்று இறந்தார். வயது 53.

23) மறுநாள் எங்கு பார்த்தாலும் ஒரே வாக்கியம். "புற்றுநோயுடன் போராடித் தோற்றார்."

இந்த வாக்கியத்தோட எனக்கு ஒரு சண்டை இருக்கு. நோய் ஒரு மல்யுத்தம் இல்லை. கட்டியின் கிரேடு, பரவிய இடம், மருந்துக்கு அது கட்டுப்படும் தன்மை, இவைதான் முடிவை அதிகம் தீர்மானிக்கின்றன. மன உறுதி சிகிச்சையைத் தாங்க உதவும், நாட்களை நல்லபடி வாழ உதவும். ஆனா இறந்து போனவர் சரியாப் போராடலைங்கிற அர்த்தம் அந்த வாக்கியத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு. பிழைக்காத அம்மாவின் பிள்ளைகள் அதைப் படிக்கும்போது என்ன நினைப்பாங்கன்னு யோசிங்க.

24) "அவர் பணக்காரர், லண்டன் போனார், அவருக்குச் சரி. நமக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் பக்கத்திலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தையல்காரர். வயிற்றில் புற்றுநோய். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் முடிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கீமோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் காய்ச்சலோடு எங்களிடம் வந்தார். (கீமோ எடுக்கிறவங்களுக்குக் காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி. இது முக்கியம்.) காய்ச்சல் சரியானதும் கேட்டேன், வேற என்ன தொந்தரவுன்னு. "விரல் நுனி மரத்துப்போச்சு சார். ஊசி குத்துனாகூட தெரியல."

25) அவருக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று ஆக்சாலிபிளாட்டின். நரம்பு நுனிகளைப் பாதிக்கும். ஐஸ் தண்ணி பட்டால் கூசும், விரல் மரக்கும். அளவைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுக்கப் புற்றுநோய் மருத்துவருக்கு இந்தத் தகவல் வேண்டும். அவர் அங்கே சொல்லவே இல்லை. "உயிருக்கே போராடும்போது விரலைப் பத்தி எப்படி சார் சொல்றது" என்றார்.

வீட்டில் தையல் மெஷினை விற்றுவிட்டிருந்தார்கள். "இனிமே உங்களுக்கு எதுக்குப்பா"ன்னு மகன் பாசமாத்தான் சொல்லியிருக்கான். அந்தப் பாசம்தான் அவரை ஒரேயடியா பேஷண்ட் ஆக்கிடுச்சு.

26) டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி சேர்த்து எழுதினோம்: இவர் தையல்காரர், விரல்கள் மரத்துப்போகின்றன. அடுத்த முறை அங்கே மருந்தை மாற்றி அமைத்தார்கள். மரப்பு முழுசாகப் போகவில்லை. ஊசி வேலை இனி கஷ்டம்தான். ஆனால் தெரிந்த ஒருவர் கடையில் உட்கார்ந்து துணி வெட்டிக் கொடுக்கிறார். "கட்டிங் மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லண்டனும் இல்லை, கோடியும் இல்லை. தேவைப்பட்டது, அவர் தொழிலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி.

27) ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கீமோவுக்கு நடுவில் வேலைக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோர்வு நிஜமானது, தூங்கினாலும் போகாதது. சிலருக்கு ஓய்வுதான் சரி. "இர்ஃபானே நடிச்சாரு, நீ ஏன் படுத்துக் கிடக்க"ன்னு யாராவது கேட்டா, அதுவும் இன்னொரு லேபிள்தான்.

வேலை செய்வதா, ஓய்வெடுப்பதா, யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்ற முடிவு அந்த மனுஷன் கையில் இருக்க வேண்டும். நம்ம கையில் இல்லை.

28) அதனால உங்ககிட்ட மூணு விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: டாக்டரைப் பார்க்கும்போது உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். டிரைவரா, ஆசிரியரா, பூ கட்டுபவரா? பார்வை, குரல், விரல், எது உங்கள் பிழைப்பு என்று தெரிந்தால் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மாறலாம். நாங்க கேட்க மறந்தாலும் நீங்க சொல்லுங்க.

இரண்டு: நோயாளியைப் பார்க்கப் போனால் நோயைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். அவர் கடை, அவர் வயல், அவர் பார்த்த படம், இதையும் பேசுங்கள்.

மூன்று: நோய் இன்னும் உறுதியாகாத ஒருவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் ஊகத்தை ஃபார்வேர்டு பண்ணாதீங்க. அவர் சொல்லும்போது தெரிந்தால் போதும்.

29) இர்ஃபானை இதுவரை பார்க்காதவர்களுக்கு என் சிபாரிசு: முதலில் 'தி லஞ்ச்பாக்ஸ்'. அடுத்து 'பான் சிங் தோமர்'. மறுநாள் 'பீகு'. மூன்றிலும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் வரணும். வந்தா அவர் ஜெயிச்சுட்டார்னு அர்த்தம்.

'ஆங்கிரேஸி மீடிய'த்தைக் கடைசியில் பாருங்கள். பார்க்கும்போது இவருக்கு உடம்பு சரியில்லையே என்று தேடாதீர்கள். மிட்டாய்க் கடைக்காரரை மட்டும் பாருங்கள். அவர் அதைத்தான் நடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டில் யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.